சோலன்ட் வைட் உள்ளி: வரிசைக்கு நடுவே கீரை எடுக்க விடுகிறதா?

நடுவதற்கென்றே விற்கும் உள்ளியைக் காசு கொடுத்து வாங்கவேண்டுமா, கறிக்கு வாங்கியதில் நாலு பல்லை ஊன்றினால் போதாதா என்று லண்டனில் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் சனம் ஒவ்வொரு ஒக்டோபரிலும் கேட்கும். வாங்குங்கள் என்பதுதான் என் பதில். அதிலும் சோலன்ட் வைட் என்ற இனத்தை வாங்குங்கள். பூடு எவ்வளவு பெரிதாக விளைகிறது என்பதை மட்டும் பார்த்து இதைச் சொல்லவில்லை. ஒக்டோபரில் மண்ணுக்குள் போகும் உள்ளி ஜூலையில்தான் வெளியே வருகிறது. ஒன்பது மாதம் ஒரு பாத்தியைப் பிடித்து வைத்திருக்கும் பயிர், தன் பக்கத்தில் வேறு எதையாவது வளர விடுகிறதா? சின்னத் தோட்டக்காரருக்கு இதுதான் முதல் கேள்வி. இந்த உள்ளி விடுகிறது. எதை, எப்போது, எதுவரை என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஹரோ பக்கம் கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்த அலொட்மென்ட் துண்டு என்னுடையது. இந்த நாட்டில் இதை இன்னும் ரொட் கணக்கில்தான் அளக்கிறார்கள். முழுத் துண்டு 10 ரொட், ஏறத்தாழ 250 சதுர மீற்றர். என்னிடம் இருப்பது பாதி. மண் முழுக்கக் களி; மழைக்குச் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும், ஆகஸ்டில் பாளம் பாளமாக வெடிக்கும். மிளகாயும் பயற்றங்காயும் உருளைக்கிழங்கும் பூசணியும் கேட்கும் இடம் போக, உள்ளிக்கு ஒரு பாத்திதான் மிஞ்சும். வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர், பல்லுக்குப் பல் 15 சென்ரிமீற்றர் என்பது இங்கே எல்லோரும் கைக்கொள்ளும் இடைவெளி. அந்த 30 சென்ரிமீற்றர் நாடாக்கள் குளிர்காலம் முழுக்க வெறும் மண்ணாகக் கிடக்கின்றன. உள்ளி இலை ஒடுக்கம், நிமிர்ந்து நிற்கும், நிழல் விழுத்தாது. நீங்கள் எதையும் விதைக்காவிட்டால் சிக்வீட் களை தன்பாட்டில் விதைத்துக்கொள்ளும். களை எடுக்கிற அதே இடத்தில் கறிக்கு எதையாவது எடுக்கலாமே என்பதுதான் என் கணக்கு.

முதலில் பொருளைப் பற்றி. சோலன்ட் வைட் தண்டு மென்மையான வகை. வைட் தீவிலுள்ள நியூசர்ச் ஊரின் கார்லிக் ஃபார்ம் பெயரோடு பேசப்படும் இனம். தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் நடுவே ஓடும் சோலன்ட் கடற்கால்தான் பெயரில் இருக்கிறது. தோட்டக் கடைகளில் வலைப்பையில் இரண்டு மூன்று பூடாகத் தொங்கும். கறிக்கடை உள்ளியைவிட விலை பல மடங்கு. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? ஒன்று, இந்தக் குளிருக்கும் இந்தப் பகல் நீளத்துக்கும் பழகிய விதை. கடை உள்ளி எந்த நாட்டு வெயிலில் விளைந்தது என்று பையைப் பார்த்துத்தான் ஊகிக்கலாம். இரண்டு, நோய். கடை உள்ளியில் வைரஸ் இருந்தால் சாப்பிடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. நட்டால் செடி சோரும். அதைவிட மோசம் வெள்ளை அழுகல் என்ற பூஞ்சை. ஒருமுறை மண்ணுக்குள் வந்துவிட்டால் கடுகைவிடச் சிறிய கறுப்பு உருண்டைகளாக ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடக்கும். வெங்காயம், லீக்ஸ், உள்ளி எதை வைத்தாலும் எழும்பும். அந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் விலை பெரிதல்ல.

பையைத் திறந்ததும் பூட்டை அடிப்பக்கம் பிடித்து அழுத்திப் பாருங்கள். கல்லுப்போல் இருக்கவேண்டும். ஒரு பெரிய இணையக் கடையில் வாங்கிய வேறொரு இனம் எனக்கு அடியில் பச்சைப் பூஞ்சணம் பிடித்து, விரலுக்குள் அமுங்கி வந்தது. படம் எடுத்து அனுப்பியும் பதில் வர வாரங்கள் போயின. அதற்குள் நடுகிற பருவம் பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில்தான் வாங்குகிறேன்.

நடும் அன்றுதான் பல்லைப் பிரிக்கவேண்டும். வெளிவட்டப் பல்லெல்லாம் பாத்திக்கு. நடுவில் இருக்கும் மெல்லிய பல் சமையலறைக்கு. தட்டையான அடி கீழே, கூர் மேலே, நுனிக்கு மேல் 2.5 சென்ரிமீற்றர் மண். என் களிமண்ணில் பாத்தியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிவிடுவேன். தண்ணீர் நின்றால் பல் அழுகும். புளிப்பு மண் உள்ளிக்கு ஆகாது, பிஎச் 6.5க்குக் கீழே என்றால் சுண்ணாம்பு போடவேண்டும். நட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பது அவசியம். கரும்பறவைகள் நுனியைக் கௌவி இழுத்து, தின்னாமல் அப்படியே போட்டுவிட்டுப் போகும். மண்மேல் கிடக்கும் பல்லைப் பெருவிரலால் திரும்ப அமுக்கினால் ஒரு பழுதும் இல்லை.

குளிரைப் பற்றிப் பயப்படவேண்டாம். 0 முதல் 10 பாகை வரையான குளிரில் ஒன்றிரண்டு மாதம் கிடந்தால்தான் பூடு பல்லாகப் பிரியும். வசந்தத்தில் பிந்தி நட்டால் சின்ன வெங்காயம் மாதிரி ஒற்றைக் குண்டாக நின்றுவிடலாம். ஆகவே இந்தப் பயிருக்குக் குளிர்காலம் ஒரு தேவை. அந்தக் குளிர்காலத்தில் பக்கத்தில் என்ன நிற்கும் என்பதுதான் கேள்வி.

என் துண்டுக்கு அடுத்த துண்டு பருத்தித்துறை அண்ணை ஒருவருடையது. ஊரில் வெங்காயம் செய்த குடும்பம். அவர் சொல்வதை நான் தட்டுவது குறைவு. வரிசைக்கு நடுவே நாற்று வைக்கிறதைக் கண்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “தங்கச்சி, உள்ளிக்குப் பக்கத்தில ஒண்டையும் விடாதை. அது போட்டி தாங்காத பயிர்” என்றார். “மே நடுவுக்கிடையில எல்லாத்தையும் பிடுங்கிப்போடுவன் அண்ணை” என்றேன். “அப்ப சரி. மே தாண்டினா உனக்குக் கீரைதான், உள்ளி இல்லை.” அவர் சொன்ன வரம்பு மிகச் சரி. குளிரில் உள்ளி அநேகமாகச் சும்மா நிற்கிறது; வேர் மட்டும் இறங்கும். மார்ச், ஏப்ரலில் இலை எழும்பும். மேயில்தான் பூடு பருக்கத் தொடங்கும். அதற்கு முன் எடுத்துவிடக்கூடிய எதுவும் அதன் பங்கைப் பெரிதாகத் தொடாது. ஒவ்வொரு வருடமும் ஒரு வரிசைப் பக்கத்தை வெறுமையாகவே விட்டு, ஜூலையில் மற்ற வரிசைகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். காலத்துக்குப் பிடுங்கிய வரிசைகளில் பூட்டின் பருமனில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

குளிர்காலப் பங்குக்கு என் முதல் தெரிவு விண்டர் பர்ஸ்லேன். கலிபோர்னியாவில் தங்கம் தோண்டப் போனவர்கள் ஸ்கர்வி நோய் வராமலிருக்கத் தின்ற கீரை இதுதான். வட்ட இலையின் நடுவைத் துளைத்துக்கொண்டு தண்டு மேலே போகும். அந்த நடுவிலேயே சின்ன வெள்ளைப் பூ வைக்கும். இலை தடிப்பு, நீர்ப்பிடிப்பு, கசப்பு இல்லை. செப்டெம்பர் முதல் வாரத்தில் தட்டில் விதைத்து, உள்ளி நடும் அதே நாளில் வரிசைக்கு நடுவே 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வைத்துவிடுகிறேன். இங்கே காலம் முக்கியம். ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி நடு வரை லண்டனில் பகல் 10 மணித்தியாலத்துக்குக் குறைவு. டிசெம்பர் 21 அளவில் 8 மணித்தியாலம்கூட வராது. அந்தக் காலத்தில் கீரை உயிரோடு நிற்கும், வளராது. ஆகவே நவம்பருக்கு முன் எந்த அளவுக்கு வளர்ந்ததோ அதைத்தான் தை மாதத்தில் வெட்டுவீர்கள். உள்ளி நட்ட பிறகு விதையைத் தூவினால் கிடைப்பது நூல் மாதிரி ஒரு முளை. நாற்றாக வைத்தால் டிசெம்பரிலேயே சலாட்டுக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். நான் இதைச் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிப்புளி சேர்த்துப் பச்சடியாகச் செய்வேன். பருப்பில் இறக்கும் நேரத்தில் போட்டாலும் நல்லது. வசந்தத்தில் பூக்கத் தொடங்கினால் உடனே அடியோடு எடுத்துவிடுங்கள். விதை கொட்டினால் அடுத்த வருடம் அதுவே களை.

லாம்ப்ஸ் லெட்டஸில் விட் என்ற இனத்தையும் வைத்துப் பார்க்கிறேன். உறைபனியை இதைவிடத் தாங்கும் கீரை என் தோட்டத்தில் இல்லை. ஆனால் தரையோடு படிந்து வளர்வதால் ஒவ்வொரு மழைக்கும் களி தெறித்து இலைக்கணுவில் ஒட்டிவிடும். நாலு தண்ணீரில் அலசினாலும் பல்லில் மண் நெறிபடும். மணல் மண் வைத்திருப்பவர்கள் போடலாம். எனக்கு ஒரு ஓரத்துக்கு மேல் வேண்டாம்.

கொத்தமல்லிக்காகத்தான் நான் இந்த வேலையையே தொடங்கினேன். குளிர்காலத்தில் கடை மல்லிக்கட்டு இரண்டாம் நாளே கறுத்து வழியும், வாசமும் அரைகுறை. கலிப்ஸோ என்ற இனம் பூப்பதற்குப் பிந்தும், வெட்டவெட்டத் தளைக்கும். ஆகஸ்ட் கடைசியில் விதைத்து, ஒக்டோபரில் வேர் மண் உதிராமல் மாற்றுகிறேன். மல்லிக்கு வேரைக் குழப்பினால் கோபம் வரும், உடனே பூக்கும். ஆகவே தட்டில் குழிக்கு மூன்று நாலு விதையாகப் போட்டு, குழியோடு குழியாகத் தூக்கி வைப்பது நல்லது. இலேசான உறைபனிக்கு இலை சிவந்து சுருளும், சாகாது. கடும் குளிருக்கு மேலே துணி வேண்டும். மார்ச் பிறந்ததும் அடியிலிருந்து புது இலை வரும் பாருங்கள், அதன் வாசம் வேறு! விரலால் கிள்ளினால் கை கழுவின பிறகும் நிற்கும். சம்பலுக்கும் ரசத்துக்கும் மார்ச்சும் ஏப்ரலும் எனக்கு வீட்டு மல்லிதான்.

பர்ஸ்லேன் வெளியே போன இடத்தில் மார்ச் கடைசியில் ஃபிரெஞ்ச் பிரேக்ஃபாஸ்ட் முள்ளங்கி. நீண்ட சிவப்புக் கிழங்கு, நுனி வெள்ளை. விதைத்து ஐந்தாறு வாரத்தில் பிடுங்கலாம். ஏப்ரல் நல்ல வெயிலாக இருந்தால் நாலு வாரமே போதும். ஏப்ரல் காய்ந்தால் தெள்ளுவண்டு இலையைச் சல்லடையாக்கும். கிழங்குக்குப் பழுதில்லை, ஆனால் இலை வறைக்கு ஆகாமல் போகும். எனக்கு இலைதான் பெரிது. பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் செத்தல் மிளகாயும் போட்ட முள்ளங்கி இலை வறைக்கு வீட்டில் எப்போதும் கேள்வி இருக்கும். ஆகவே முளைத்த நாளிலிருந்து மூடிவைக்கிறேன்.

வெந்தயம் கடைசி ஓட்டம். இதற்கு விதைப் பாக்கெற் வாங்கவேண்டாம். சமையலறைப் போத்தலில் இருப்பது போதும். ஓரிரவு ஊறவைத்து ஏப்ரல் முதல் வாரத்தில் நெருக்கமாக ஒரு கோடு இழுத்து விதைத்தால், மே நடுவில் ஒரு சாண் வந்துவிடும். பூக்க முன் அடியோடு வெட்டவேண்டும். பிடுங்கவேண்டாம்: பக்கத்து உள்ளி வேர் மேலோட்டமாகத்தான் ஓடுகிறது, இழுத்தால் அதுவும் ஆடும், வெந்தய வேர் மண்ணிலேயே உக்கட்டும். அவரைக் குடும்பப் பயிர் என்றபடியால் நைதரசனுக்கு உள்ளியோடு பெரிதாக மல்லுக்கட்டாது.

எதை வைக்கக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். போஞ்சி இனங்களில் குளிரைத் தாங்கும் புரோட் பீன்ஸை இங்கே ஒக்டோபரில் நடுவார்கள். அது மேயில் இடுப்பளவு எழும்பி உள்ளியை மறைக்கும். கோவா நாற்று, பீற்றூட், பெரிய லெட்டஸ் எல்லாம் ஜூன்வரை நிற்கும் பயிர்கள். வேண்டாம்.

மூடுதுணியைப் பற்றி. தோட்டக் கடையில் ஃபிளீஸ் என்று வெள்ளைத் துணி விற்கிறார்கள். சதுர மீற்றருக்கு 17 கிராம் என்பது சாதாரணம். 30 கிராம் கனத்தது. கொஞ்சம் கூடக் கொடுத்து 30 கிராம் வாங்குங்கள். “கனத்தது” என்று எழுதி, எடையை எங்கும் போடாத ஒரு மலிவுச் சுருளும் என் கைக்கு வந்தது. ஜனவரிக் காற்றுக்கு ஒரு இரவில் நாடா நாடாவாகக் கிழிந்து பக்கத்து வேலியில் தொங்கியது. துணி கீரைக்கு மட்டும் உதவுவதில்லை. அலியம் இலைத்துளை ஈ என்ற பூச்சி 2002இல்தான் இந்த நாட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச், ஏப்ரலிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் முட்டை இடும். புழு உள்ளித் தண்டுக்குள் இறங்கிக் குடையும். கீரைக்காகப் போட்ட துணி அந்த இரண்டு காலத்திலும் உள்ளியையும் காக்கிறது. ஒரு துணி, இரண்டு பயிர். ஆனால் ஏப்ரல் கடைசிக்குப் பிறகு உள்ளே ஈரம் கட்டும். கீரையும் நெருக்கமாக நின்றால் காற்றோட்டம் போய்விடும். உள்ளி இலையில் செம்மஞ்சள் பொடி மாதிரித் துரு நோய் வருவது அப்படியான இடத்தில்தான். ஊடுபயிரால் உள்ளிக்கு உண்மையான கேடு என்றால் இந்த நெருக்கம்தான். தண்ணீர்ப் போட்டிகூட இரண்டாவதுதான். மே பிறந்ததும் துணியை எடுத்து, கீரையை ஐதாக்கிவிடுங்கள்.

நத்தையும் இருக்கிறது. கீரை மண்ணை மூடினால் அடியில் ஈரம். ஈரத்தில் ஓடில்லா நத்தை. மழை விட்ட மாலையில் டோர்ச் லைட்டோடு போய்ப் பொறுக்குவதைத் தவிர வேறு வழியை நான் நம்புவதில்லை.

பெப்ரவரி கடைசியில் கோழி எரு உருண்டையை வரிசை ஓரமாகத் தூவுகிறேன். கீரை எடுத்த பாத்திக்கு வழமையைவிட ஒரு கைப்பிடி கூட வேண்டும். எடுக்கிற நாம் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். மே வறண்டால் தண்ணீர் விடுங்கள். ஜூன் நடுவோடு நிறுத்திவிடுங்கள்.

ஜூலையில் அடி இலைகள் மஞ்சளாகும்போது தோட்டத்து முள்ளுக்கரண்டியை ஒரு பக்கமாக இறக்கி நெம்பி எடுக்கவேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து முறியும், முறிந்தது நிற்காது. மண்ணிலிருந்து வந்த அன்று சோலன்ட் வைட் தோல் ஈரமாக, நுங்குத் தோல் பதத்தில் இருக்கும். பல் வெள்ளை, காரம் மெது. அதை அப்படியே தட்டி உள்ளிரசம் வைத்தால் ஒரு இனிப்பு அடியில் நிற்கும். காற்றோட்டமான நிழலில் சில வாரம் காயவிட்ட பிறகுதான் முழு வீரியம். தண்டு மென்மையான வகை என்பதால் சடை பின்னித் தொங்கவிடலாம். வசந்தம் வரை முளைக்காமல், சுருங்காமல் கிடக்கும். இந்த நாட்டில் வருடம் முழுக்க வீட்டு உள்ளி சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தகுதி ஒன்றும் தேவையில்லை.

குறை ஒன்று உண்டு. தண்டு மென்மையான வகைகளில் உள்வட்டப் பல் சின்னது, எண்ணிக்கை கூட. பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்குக்கறி வைக்க ஒரு கோப்பை பல் உரிக்கவேண்டும் என்றால் பொறுமை வேண்டும். அதற்கு லோட்ரெக் வைட் மாதிரி தண்டு விறைத்த வகைகள் நல்லது: பல் பெரிது, தோல் சுளுவில் கழரும், பூத்தண்டை முற்ற முன் முறித்துக் கறிக்கும் போடலாம். ஆனால் அவ்வளவு காலம் கிடக்காது. யானை உள்ளி என்று விற்பது லீக்ஸின் சொந்தம். இடைவெளி அதிகம் விடவேண்டும் என்பதால் ஊடுபயிருக்கு இடம் தாராளம். ஆனால் காரம் இல்லை. எங்கள் சமையலுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உள்ளி எடுத்த பாத்தி ஜூலை நடுவில் வெறுமையாகும்போது இன்னும் கோடை இருக்கிறது. அன்றே குட்டைப் போஞ்சியும் முளைக்கீரையும் விதைத்தால் செப்டெம்பரில் சாப்பிடலாம். உள்ளியையே திரும்ப அதே பாத்தியில் வைக்காதீர்கள். மூன்று நாலு வருடமாவது தள்ளுங்கள்.

ஒவ்வொரு வருடமும் வாங்கவேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஜூலையில் வந்ததில் பருத்த, நோயில்லாத பூடுகளைச் சமையலறைக்கு விடாமல் தனியே சடை பின்னி வையுங்கள். ஒக்டோபருக்கு அதுவே விதை. நாளடைவில் வைரஸ் சேர்ந்து பூடு சிறுக்கத் தொடங்கினால் அப்போது புது விதை வாங்கினால் போதும். உங்கள் துண்டில் முன்பிருந்தவர் வெள்ளை அழுகல் கண்டிருந்தால் மட்டும் எந்த இனத்துக்கும் காசு செலவழிக்காதீர்கள். நடமுன் பக்கத்துத் துண்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்த மண்ணைப் பற்றி உங்களைவிட அவருக்குத் தெரியும்.